யூ துணைக்கு வராத க்யூ: ஸ்கிராபிள் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தைப் பழகத் தொடங்கியவர் பைக்குள் கைவிட்டு க்யூ கட்டையை எடுத்தால், அது அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். எதிரில் அமர்ந்திருப்பவர் பழுத்த ஆட்டக்காரர் என்றால் அதைக் கவனித்துக்கொண்டு, பலகையில் யூ இருக்கும் இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துவிடுவார். க்யூவுக்குப் பக்கத்தில் யூ வந்தே தீரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் இந்தப் பயத்துக்குக் காரணம். தமிழில் 'க்யூ' என்று எழுதினாலே அதற்குள் ஒரு யூ ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் ஆங்கில அகராதியில், யூவைப் பின்னால் இழுத்துக்கொண்டு வராத க்யூ சொற்கள் ஒரு சிறு கூட்டமாக இருக்கின்றன. தமிழ் நாளிதழ் படிக்கிற எவருக்கும் அவற்றில் கணிசமானவை ஏற்கெனவே தெரியும். தெரியாதது எழுத்துக்கூட்டு மட்டுமே. அந்தச் சொற்களை எந்த வரிசையில் படிப்பது, படித்ததைப் பலகையில் எப்படி இறக்குவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்குமுன் ஒரு ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளின் பெயரைத் தமிழில் எழுதும்போது சில குழப்பங்கள் வரும். இங்கே 'டி' என்று குறிலாக எழுதினால் ஆங்கில வரிசையின் நான்காம் எழுத்து. 'டீ' என்று நீட்டினால், தேநீரைக் குறிக்கும் அதே ஒலியுள்ள இருபதாம் எழுத்து. 'பி'க்கும் இதே சிக்கல் உண்டு. ஆனால் அதை நீட்டி எழுத முடியாது, ஏன் என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே அந்த எழுத்து வரும் இடங்களில் 'பஸ் பி', 'பேனா பி' என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதல் படி: எந்தப் பட்டியல்?

உலகப் போட்டிகளிலும், இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளிலும் செல்லுபடியாவது காலின்ஸ் நிறுவனத்தின் ஸ்கிராபிள் சொற்பட்டியல். அமெரிக்காவும் கனடாவும் பெரும்பாலும் வேறொரு பட்டியலை வைத்துக்கொண்டிருக்கின்றன. அது சற்றுச் சிறியது. இந்தக் கட்டுரையின் சொற்கள் காலின்ஸ் பட்டியலைச் சேர்ந்தவை. டொராண்டோவில் இருக்கும் மச்சானுடன் இணையத்தில் ஆடுவதாக இருந்தால், எந்தப் பட்டியல் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவில் கேட்டால் சண்டையில்தான் முடியும்.

வீட்டில் ஆடும்போது, ஐயம் வந்தால் எந்த அகராதியைப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு கட்டைகளை எடுங்கள். ஆளுக்கொரு கைபேசியில் ஆளுக்கொரு அகராதியைத் தேடுவது ஆட்டமே அல்ல.

இன்னொரு விதியும் இங்கேயே நினைவில் இருக்கட்டும்: பெரிய எழுத்தில் தொடங்கும் இயற்பெயர்கள் செல்லாது. ஈராக்கின் கடைசி எழுத்து க்யூ, கத்தாரின் முதல் எழுத்து க்யூ. இரண்டிலும் யூ இல்லை. புதியவர்கள் க்யூவைக் கண்டதும் முதலில் ஓடிப்போய் நிற்பது இந்த இரண்டு நாடுகளில்தான். பயனில்லை. ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸும் இதே கதைதான்.

இரண்டாம் படி: கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்து உட்கார்ந்திருந்தபோது, நாளிதழ்ப் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எண்ணித்தான் கட்டைகளின் எண்ணிக்கையையும் புள்ளிகளையும் முடிவு செய்தார். ஸ்கிராபிள் என்ற பெயர் 1948இல்தான் வந்தது. அதை வைத்தவர் ஜேம்ஸ் புருனோ.

மொத்தம் 100 கட்டைகள். அவற்றில் க்யூ ஒன்றே ஒன்று, மதிப்பு 10 புள்ளி. யூ நான்கு. எழுத்தில்லாத வெற்றுக்கட்டைகள் இரண்டு. ஐயும் ஏயும் ஒன்பது ஒன்பது. இந்த எண்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். யூவுக்காகக் காத்திருப்பவர் நான்கு கட்டைகளை நம்பியிருக்கிறார். ஐயை வைத்து க்யூவைக் கழிக்கத் தெரிந்தவருக்கு ஒன்பது கட்டைகள் இருக்கின்றன, ஏயையும் சேர்த்தால் பதினெட்டு. மற்றதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

கழிக்காமல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆட்டம் முடியும்போது கையில் மிஞ்சிய கட்டையின் மதிப்பு உங்கள் புள்ளியிலிருந்து கழியும். முதலில் கட்டைகளைத் தீர்த்தவருக்கு அது போய்ச் சேரும். க்யூ என்றால் உங்களுக்குப் பத்து குறைவு, அவருக்குப் பத்து கூடுதல். இருபது புள்ளி வித்தியாசத்தில் எத்தனையோ ஆட்டங்கள் கைமாறியிருக்கின்றன.

சரி, இந்த யூவும் க்யூவும் எப்படி இவ்வளவு நெருக்கமானார்கள்? இலத்தீன் எழுதியவர்களின் பழக்கம் அது. பழைய ஆங்கிலத்தில் அரசியைக் குறிக்கும் சொல்லை சி-டபிள்யூ ஒலிக்கூட்டத்தோடுதான் எழுதினார்கள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழக்கப்படி எழுதிய எழுத்தர்கள் அதை க்யூ-யூவாக மாற்றிவிட்டார்கள். ஆக, இங்கிலாந்தின் சொந்தச் சொற்களிலும் பிரெஞ்சு, இலத்தீன் வழி வந்த சொற்களிலும் யூ ஏறக்குறைய கட்டாயம். வேறு மொழிகளிலிருந்து வந்த சொற்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அரபு மொழியில் தொண்டையின் அடியிலிருந்து எழும் 'காஃப்' என்ற எழுத்தை, சாதாரண ககரத்திலிருந்து பிரித்துக் காட்ட அறிஞர்கள் க்யூவைப் பயன்படுத்தினார்கள். சீன மொழியை உரோம எழுத்தில் எழுத 1958இல் ஏற்கப்பட்ட பின்யின் முறையோ, அதைச் சகர ஒலி ஒன்றுக்கு ஒதுக்கியது. யூ இல்லாத க்யூ சொல் ஒன்றைக் கண்டால் அது அரபு, எபிரேயம், சீனம் என்று எங்கிருந்தோ கப்பலேறி வந்தது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

மூன்றாம் படி: முதலில் ஒரே ஒரு சொல்

க்யூ-ஐ. இரண்டே எழுத்து. உச்சரிப்பு 'சீ'. சீன மருத்துவமும் மெய்யியலும் பேசும் உயிராற்றல் என்று பொருள். உடம்பில் ஓடுவதாக அவர்கள் நம்பும் ஒன்று. அமெரிக்கப் பட்டியல் 2006இல் இதை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு அங்கேயும் க்யூவைப் பார்த்துப் பயப்படுவது பெருமளவு குறைந்துவிட்டது.

இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள். எஸ் சேர்த்து க்யூ-ஐ-எஸ் என்றும் போடலாம். வெறும் 11 புள்ளிதானே என்று எண்ண வேண்டாம். பலகையில் எழுத்தின் மதிப்பை மூன்று மடங்காக்கும் கட்டங்கள் 12 உண்டு. அப்படி ஒரு கட்டத்துக்கு நேர்கீழே ஏற்கெனவே ஓர் ஐ இருக்கிறது, உங்கள் கையில் இன்னோர் ஐ இருக்கிறது என்று வையுங்கள். க்யூவை அந்தக் கட்டத்தில் வைத்து, கையிலுள்ள ஐயை அதன் வலப்பக்கம் வைத்தால், குறுக்கே ஒரு சொல், நெடுக்கே ஒரு சொல். க்யூ இரண்டு பக்கமும் முப்பது முப்பதாக எண்ணப்படும். 31, 31, ஆக 62 புள்ளி, இரண்டு கட்டைகளுக்கு. ஏழெழுத்துச் சொல்லைத் தேடி நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருக்கும் எதிராளிக்கு இதைவிட எரிச்சலூட்டும் ஆட்டம் வேறு இல்லை.

நான்காம் படி: நாளிதழ் தமிழ் கற்றுக்கொடுத்த சொற்கள்

அரபு வழி வந்த கூட்டம்தான் பெரியது. பாரசீகம், உருது என்று சுற்றிவந்து தமிழிலும் புழங்குவதால், ஆங்கிலேயர் மனப்பாடம் செய்ய வேண்டியதை நாம் அடையாளம் கண்டாலே போதும்.

காயிதே மில்லத்தைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. 1896இல் பிறந்து 1972இல் மறைந்த முஸ்லிம் லீக் தலைவர் முகமது இஸ்மாயிலுக்கு மக்கள் கொடுத்த பட்டம் அது. சமுதாயத்தின் தலைவர் என்று பொருள். அதில் வரும் 'காயித்' என்ற அரபுச் சொல்தான் ஸ்கிராபிளில் க்யூ-ஏ-ஐ-டி. தலைவர், குறிப்பாக வட ஆப்பிரிக்க அரபுத் தலைவர். உதவியைக் குறிக்கும் ஏ-ஐ-டி பலகையில் கிடந்தால், முன்னால் க்யூவை மட்டும் ஒட்டினால் போதும்.

அதே நான்கு எழுத்துகளை வேறு வரிசையில் அடுக்கினால் க்யூ-ஏ-டி-ஐ. இவர் நீதிபதி. ரமலான் பிறையைப் பார்த்து அறிவிப்பு வெளியிடும் தலைமைக் காஜியை நாளிதழில் ஆண்டுதோறும் படிக்கிறோமே, அவரேதான். அரபியில் டகரம்போல் அழுத்தி ஒலிக்கும் அந்த எழுத்து பாரசீகத்திலும் உருதுவிலும் இசட் ஒலியாக மாறி, தமிழில் ஜகரமாக வந்து நின்றது. ஸ்கிராபிள் பலகை அரபு வடிவத்தைப் பிடித்துக்கொண்டது. காஜி என்ற ஒலியை நம்பி எழுத்துக்கூட்டினால் தவறும். டி என்பதை மறக்க வேண்டாம்.

வக்ஃபு வாரியம் இருக்கிறது. சமயப் பணிக்கோ அறத்துக்கோ நிரந்தரமாக எழுதிவைக்கப்பட்ட சொத்து. எழுத்துக்கூட்டு டபிள்யூ-ஏ-க்யூ-எஃப். மடங்குக் கட்டங்கள் எதுவும் இல்லாமலேயே 19 புள்ளி, உயிரெழுத்தில் ஒரே ஓர் ஏ. கையில் கனமான மெய்கள் குவிந்து திணறும்போது இது ஒரு வரப்பிரசாதம். இதன் உறவுக்காரர் எஃப்-ஐ-க்யூ-ஹெச், இஸ்லாமியச் சட்டவியல். தமிழில் 'ஃபிக்ஹ்' என்று எழுதுகிறார்கள். அதற்கும் 19தான். பார்த்தால் கட்டைகள் தவறிக் கொட்டியதுபோல் இருப்பதால் எதிராளி ஆட்சேபிப்பது உறுதி. ஆட்சேபிக்கட்டும்.

பக்கீர்: எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர். துறவி, இரந்துண்டு வாழும் சூஃபி. 1931இல் காந்தியைப் பற்றி சர்ச்சில் இகழ்ச்சியாகச் சொன்னது இந்தச் சொல்லைத்தான். கே போட்டும் எழுதலாம், க்யூவுக்குப் பின் யூ போட்டும் எழுதலாம், மூன்றும் செல்லும்.

தலாக்: டீ-ஏ-எல்-ஏ-க்யூ, மணவிலக்கு. 2017இல் உச்ச நீதிமன்றம் முத்தலாக் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது ஆங்கில நாளிதழ்களின் தலைப்பில் நாள்தோறும் கிடந்த சொல். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டீ-ஏ-எல்-ஏ என்பது தனியே ஒரு சொல்: இந்திய இசையின் தாளம், அல்லது சமோவா நாட்டு நாணயம். யாராவது தாளத்தைப் பலகையில் வைத்தால், அதன் வாலில் க்யூவை ஒட்டி மணவிலக்கு ஆக்கிவிடலாம். தாளத்தின் பக்கத்தில் நெடுக்காக இன்னொரு சொல்லையும் அமைத்துக்கொண்டே இதைச் செய்ய முடிந்தால் இரட்டை வருமானம்.

ஆடைகள் இரண்டு. புர்கா: பி-யூ-ஆர்-க்யூ-ஏ, பஸ் பி. நிகாப்: என்-ஐ-க்யூ-ஏ-பி, அதுவும் பஸ் பி. முன்னது உடல் முழுவதையும் மறைப்பது, பின்னது கண்களை விட்டு முகத்தை மறைக்கும் திரை. புர்காவில் யூ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் க்யூவுக்கு முன்னால். அரபுக் கடைத்தெருவான 'சூக்' என்ற எஸ்-யூ-க்யூவும் இப்படித்தான். துபாய்க்குப் போய்வந்தவர்களுக்கு அங்கே உள்ள தங்கச் சூக் தெரிந்திருக்கும். மூன்றெழுத்துச் சொல் என்பதால் இதை முன்கூட்டியே மனத்தில் ஏற்றிவிடுங்கள்.

கிப்லா: க்யூ-ஐ-பி-எல்-ஏ, பஸ் பி. தொழுகையின்போது நோக்கி நிற்க வேண்டிய மெக்காவின் திசை. குருமா: க்யூ-ஓ-ஆர்-எம்-ஏ. ஆம், புரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்ளும் அதே குருமா. வழக்கமான கே எழுத்துக்கூட்டும் செல்லும் என்பதால், கையில் கே இருந்தால் க்யூவை இதில் வீணாக்காமல் வேறிடம் பாருங்கள்.

கவ்வாலியையும் சொல்லிவிடுகிறேன், ஆசைக்காக. க்யூ-ஏ-டபிள்யூ-டபிள்யூ-ஏ-எல்-ஐ, ஏழு எழுத்து. ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் இறக்கினால் கிடைக்கும் 50 சேர்ந்து 72 புள்ளிக்குக் குறையாது. ஆனால் மொத்தப் பையிலும் டபிள்யூ இரண்டுதான். இரண்டும் க்யூவோடு சேர்ந்து உங்கள் கைக்கே வருவதை எதிர்பார்த்து ஆட்டத்தை நடத்தாதீர்கள்.

ஐந்தாம் படி: மற்ற ஊர்க்காரர்கள்

இவற்றில் முதலில் படிக்க வேண்டியது க்யூ-ஏ-டீ. ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் வளரும் ஒரு செடி. அதன் இளந்தழையை ஏமன்காரர்கள் பிற்பகல் முழுவதும் நம்மூர் வெற்றிலைபோல் கன்னத்தில் அடக்கி மெல்லுவார்கள். ஒருவகைக் கிறக்கம் தரும். ஏ-டீ என்ற எளிய சொல் எல்லா ஆட்டத்திலும் பலகையில் கிடக்கும், அதன் முன்னால் ஓர் இடம் காலியாக இருந்தால் க்யூ அங்கே போய்விடும். கே-ஏ-டீ, கே-ஹெச்-ஏ-டீ என்ற வடிவங்களும் உண்டு.

க்யூ-ஏ-என்-ஏ-டீ ஈரானின் நிலத்தடிக் கால்வாய். மலையடிவார நீரூற்றிலிருந்து சற்றே சரிவாகச் சுரங்கம் வெட்டி, நடுநடுவே கிணறுபோல் குழி இறக்கி, மின்சாரமும் ஏற்றமும் இல்லாமல் பாலைவன ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் முறை. வெயிலில் ஆவியாகாமல் தண்ணீர் நிலத்துக்கடியிலேயே ஓடிவிடும். 2016இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இந்தப் பட்டியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. இதன் பொருளைத் தேடிப் போனவர் அன்றைய ஆட்டத்தை மறந்துவிடக்கூடும்.

டீ-ஆர்-ஏ-என்-க்யூ என்பது மயக்கமூட்டும் அல்லது அமைதியூட்டும் மருந்தின் சுருக்கப் பெயர். சி-ஐ-என்-க்யூ, சீட்டிலோ தாயக்கட்டையிலோ ஐந்து. க்யூ-ஓ-பி-ஹெச், பேனா பி, எபிரேய எழுத்து ஒன்றின் பெயர். இலத்தீன் க்யூவுக்கும் அதற்கும் பினீசிய எழுத்து பொது மூதாதை என்பதால், க்யூவைக் கொண்டே க்யூவின் பங்காளியை எழுதுகிறீர்கள். க்யூ-டபிள்யூ-ஈ-ஆர்-டீ-ஒய், விசைப்பலகையின் மேல்வரிசை முதல் ஆறு எழுத்துகள், 21 புள்ளி. எழுத்துக்கூட்டை மறந்தால் கைபேசியைப் பார்த்தாலே தெரியும். ஆட்டத்தின்போது பார்க்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

நாணயங்கள் மூன்று. அசர்பைஜானின் க்யூ-ஏ-பி-ஐ-கே, பேனா பி. அல்பேனியாவின் க்யூ-ஐ-என்-டீ-ஏ-ஆர், டீக்குப் பதில் டி போட்டாலும் செல்லும். இஸ்ரேலின் எஸ்-ஹெச்-ஈ-க்யூ-ஈ-எல். ஆர்க்டிக் பகுதி இனூயிட் மக்களின் தோல் படகு யூ-எம்-ஐ-ஏ-க்யூ. இவை அவசரமில்லை, பிறகு படிக்கலாம்.

ஆறாம் படி: மனத்தில் நிற்கவைப்பது

அகராதி வரிசையில் படித்தால் நிற்காது. ஆட்டத்தில் கட்டைகள் வருவது கலைந்த வரிசையில்தானே. அதனால் ஒரு குறிப்பேட்டில் இடப்பக்கம், சொல்லின் எழுத்துகளை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கி எழுதுங்கள்: ஏ-டி-ஐ-க்யூ. வலப்பக்கம் அதிலிருந்து கிடைக்கும் சொற்கள்: காயித், காஜி. இடப்பக்கத்தை மட்டும் பார்த்து வலப்பக்கத்தைச் சொல்லிப் பழகுங்கள். ஏ-எஃப்-ஐ-க்யூ-ஆர் என்றதும் பக்கீர் வர வேண்டும். ஏ-ஏ-எல்-க்யூ-டீ என்றதும் தலாக். கட்டைத்தாங்கியில் எழுத்துகளை எப்போதும் இதே வரிசையில் அடுக்கிவைக்கும் பழக்கமும் இருந்தால், கண் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் முன்னொட்டு, பின்னொட்டு எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏ-டீயின் முன்னால் க்யூ, ஐ-எஸ்ஸின் முன்னால் க்யூ, ஏ-ஐ-டியின் முன்னால் க்யூ, டீ-ஏ-எல்-ஏவின் பின்னால் க்யூ. இந்த நான்கும் தனிப்பக்கத்தில் இருக்கட்டும். பலகையில் ஏற்கெனவே இருப்பதை வைத்துப் பிழைப்பவைதான் புதியவருக்கு அதிகம் உதவும்.

படிக்கும் வரிசை: முதலில் க்யூ-ஐ. அடுத்து மூன்றெழுத்து இரண்டு, செடியும் கடைத்தெருவும். பிறகு நான்கெழுத்து ஆறு: தலைவர், நீதிபதி, வக்ஃபு, ஃபிக்ஹ், ஐந்து, எபிரேய எழுத்து. இவற்றோடு நிறுத்திக்கொண்டு ஆடத் தொடங்கிவிடுங்கள். ஐந்தெழுத்துச் சொற்கள் ஆட ஆட வந்து சேரும்.

பொருளையும் படிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. விதிப்படி தேவையே இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், 2007இல் மும்பையில் நடந்த உலகப் போட்டி உட்பட ஆங்கிலத்தில் பல முறை உலகப் பட்டம் வென்றவர். பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலேயே, சொற்பட்டியலைச் சில வாரங்களில் மனப்பாடம் செய்து 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தையும் வாங்கினார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார். நீங்களும் நானும் நைஜல் ரிச்சர்ட்ஸ் அல்ல. பொருள் தெரியாத எழுத்துக் குவியல் எனக்கு ஒரு வாரத்தில் கலைந்துபோகிறது. பிறை பார்க்கும் காஜி கலைவதில்லை. எதிராளி "அப்படியென்றால் என்ன?" என்று கேட்கும்போது சொல்லத் தெரிந்தால், வீட்டு ஆட்டங்களில் பாதி ஆட்சேபம் எழாமலேயே அடங்கிவிடும்.

ஏழாம் படி: பலகையில்

க்யூ வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பலகையில் திறந்திருக்கும் ஐகளையும் ஏகளையும். யூவை அதற்குப் பிறகு தேடலாம். மூன்று மடங்கு எழுத்துக் கட்டத்தை ஒட்டி ஓர் ஐ கிடந்தால், அதை எதிராளி அடைப்பதற்குள் பயன்படுத்துங்கள். இடம் இல்லையென்றால் ஓரிரு முறை பொறுக்கலாம். அதற்கு மேல் க்யூவைச் சுமந்தால் ஆறு கட்டைகளோடு ஆடுகிறீர்கள் என்று பொருள். அப்போது 11 புள்ளிக்காவது கழித்துவிடுங்கள். அதுவும் முடியாவிட்டால் பையில் மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டியோடு வரும் விதிப்படி, பையில் ஏழு கட்டைகளாவது இருக்கும்வரைதான் மாற்ற முடியும். அந்த எல்லை நெருங்கும்போது க்யூ கையில் இருந்தால் தயங்க வேண்டாம்.

உங்கள் கையில் இல்லை, பலகையிலும் இல்லை, பை காலி என்றால் க்யூ எதிராளியிடம் இருக்கிறது. ஐக்குப் பக்கத்திலுள்ள இடங்களை அடைத்து ஆடுங்கள். அவருக்கும் க்யூ-ஐ தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும்.

யூவும் கையில் இருந்தால் நல்லதுதான். அப்போதும் சிறிய சொற்களே கைகொடுக்கும். க்யூ-யூ-ஏ என்றால் 'என்ற முறையில்'. க்யூ-யூ-ஏ-ஒய் படகுத்துறை, எழுத்து இப்படி இருந்தாலும் உச்சரிப்பு 'கீ' என்பது சிங்கப்பூர்த் தமிழருக்குக் கிளார்க் கீயிலிருந்தே தெரியும். க்யூ-யூ-ஓ-டி பிரிட்டிஷ் கொச்சையில் சிறை. ஏ-க்யூ-யூ-ஏ நீர்.

க்யூ பழகிய பிறகு, கனமான மற்ற எழுத்துகளுக்கும் இரண்டெழுத்துச் சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். இசட்டுக்கு இசட்-ஏ, பீட்சாவின் செல்லச் சுருக்கம். ஜேவுக்கு ஜே-ஓ, ஸ்காட்லாந்து வழக்கில் காதலி அல்லது காதலன். எக்ஸுக்கு ஐந்து: ஏ, ஈ, ஓ மூன்றையும் முன்னால் ஒட்டினால் கோடரி, முன்னாள் துணை, எருது, பின்னால் ஐ போட்டால் கிரேக்க எழுத்து, யூ போட்டால் வியட்நாமின் பழைய சில்லறைக் காசு. வி எழுத்துக்கு மட்டும் இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் எதிராளியிடம் க்யூ இருக்கிறது என்று தெரிந்து, அடைக்க வேண்டிய இடமும் கண்ணில் பட்டால், அங்கே ஒரு வியைக் கொண்டுபோய் வையுங்கள்.